200 பவுண்டும் 20 லட்சம் பவுண்டும்: இங்கிலாந்து பப் குத்தகைத் தகராறுகளும் நடுவர் தீர்ப்பும் – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் ஒரு பப்பின் நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தால் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் மேலே கவுன்ட்டருக்குப் போகும். பல பப்களில் அந்தக் குழாய்களின் நடுவே சின்ன மீட்டர் ஒன்று மாட்டியிருக்கும். குழாயில் எவ்வளவு பீர் ஓடியது என்று அது அளக்கும். அந்தக் கணக்கு கட்டடத்துக்குச் சொந்தமான கம்பெனிக்குப் போய்ச் சேரும். கம்பெனியிடம் வாங்கிய பீர் 10 பீப்பாய், குழாயில் ஓடியதோ 11 பீப்பாய் என்றால், "அந்த ஒரு பீப்பாயை வெளியே வாங்கினாயா?" என்று கேள்வி வரும். குழாயைக் கழுவ விட்ட தண்ணீரும் அதே மீட்டர் வழியாகத்தான் ஓடியிருக்கும். ஆனால் அதைச் சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பு பப் நடத்துகிறவர் தலையில்.

அந்த ஊர் வழக்கில் பப் நடத்துகிறவரை எல்லாரும் "லேண்ட்லார்ட்", அதாவது கட்டடச் சொந்தக்காரர், என்றுதான் கூப்பிடுவார்கள். பெரும்பாலான இடங்களில் அவர் உண்மையில் குடியிருப்பவர்தான். கட்டடம் கம்பெனியுடையது, அவர் குத்தகைக்காரர். பப்பின் மாடியிலேயே குடும்பத்தோடு வசிப்பார். தொழில் போனால் வீடும் போகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் இந்தத் தகராறுகள் ஏன் இவ்வளவு கடுமையாக இருந்தன என்பது விளங்கும்.

சரி, தகராறு எதைப் பற்றி?

ஈர வாடகை, உலர் வாடகை

நாம் நிலத்துக்கு நன்செய், புன்செய் என்று சொல்வதுபோல அங்கே பப் வாடகைக்கு ஈரம், உலர் என்று இரண்டு பெயர் உண்டு. கட்டடத்துக்காக மாதமோ வாரமோ கட்டும் பணம் உலர் வாடகை. கம்பெனியிடம்தான் பீர் வாங்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு கட்டு போட்டிருப்பார்கள். அதை "டை" என்பார்கள். அந்தக் கட்டின் வழியாக, வெளிச்சந்தை விலைக்கு மேல் ஒவ்வொரு பீப்பாயிலும் கம்பெனிக்குப் போகும் கூடுதல் பணம் ஈர வாடகை.

ஒரு பீப்பாய் 11 கேலன், அதாவது 88 பைண்ட். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். கட்டுள்ள பப்புக்கு ஒரு பீப்பாய் 60 பவுண்ட் கூடுதலாக விழுகிறது, வாரம் 6 பீப்பாய் போகிறது என்று வையுங்கள். வாரத்துக்கு 360 பவுண்ட், வருடத்துக்கு 18,720 பவுண்ட். இது வாடகைச் சீட்டில் எங்கும் தெரியாது. அடுத்த தெருவில் கட்டில்லாத பப் வைத்திருப்பவர் அதே பீரை மலிவாக வாங்கி மலிவாக விற்கும்போதுதான் தெரியும்.

கம்பெனி தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டு இருப்பதால் உலர் வாடகையைக் குறைத்து வைக்கிறோம், கையில் அதிகப் பணம் இல்லாதவரும் பப் தொழிலுக்குள் வர முடிகிறது, வியாபாரம் படுத்தால் பீர் வாங்குவது குறையும், அப்போது எங்கள் வருமானமும் சேர்ந்தே குறையும், நஷ்டத்தில் எங்களுக்கும் பங்குண்டு என்பார்கள். இது வெறும் பேச்சு என்று ஒதுக்க முடியாது. ஒழுங்காக நடந்தால் இந்த ஏற்பாடு வேலை செய்யும். ஆனால் உலர் வாடகை உண்மையிலேயே குறைவுதானா என்று சரிபார்க்கும் வழி குத்தகைக்காரர் கையில் இல்லை. கணக்கு முழுதும் ஒரு பக்கத்திடம் இருந்தது.

கதை தொடங்கிய இடம்

1989-இல் இங்கிலாந்தின் ஏகபோக ஆணையம் பீர் வியாபாரத்தை ஆராய்ந்து, பெரிய ப்ரூவரிகள் பீரையும் காய்ச்சி, பப்களையும் கையில் வைத்திருப்பது போட்டியைக் கெடுக்கிறது என்று சொன்னது. அதையொட்டி அரசு ஓர் ஆணை போட்டது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ப்ரூவரி, அதற்கு மேற்பட்டவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். கெடு 1992 நவம்பர்.

ஆணையின் நோக்கம் நல்லது. நடந்தது வேறு. ப்ரூவரிகள் பப்களை மொத்தமாக விற்றன. பீர் காய்ச்சாத, பப் கட்டடங்களை மட்டும் வைத்திருக்கும் புதுக் கம்பெனிகள் அவற்றை வாங்கின. ஆணை ப்ரூவரிகளைப் பற்றித்தான் பேசியது, இவர்களைப் பற்றிப் பேசவில்லை. அதனால் கட்டு அப்படியே தொடர்ந்தது, முதலாளி மட்டும் மாறினார். என்டர்பிரைஸ் இன்ஸ், பஞ்ச் டேவர்ன்ஸ் என்ற இரண்டு கம்பெனிகள் கடன் வாங்கி வாங்கி ஆயிரக்கணக்கான பப்களைச் சேர்த்தன. அந்தக் கடனுக்கு வட்டி கட்டும் பணம் எங்கிருந்து வரும்? ஈர வாடகையிலும் உலர் வாடகையிலும் இருந்துதான்.

ஸ்டெயின்ஸ் வழக்கு: நீதிமன்றப் பாதை எவ்வளவு நீளம்

நீதிமன்றத்துக்கு வெளியே ஒருவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் முறை ஏன் தேவைப்பட்டது என்று புரிய ஒரு பழைய வழக்கைப் பார்க்க வேண்டும். லண்டனுக்கு மேற்கே ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் ஒருவர் 1991-இல் இரண்டு பப்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தார். கட்டடம் இன்ட்ரப்ரெனர் என்ற கம்பெனியுடையது, பீர் கரேஜ் ப்ரூவரியிடமிருந்துதான் வாங்க வேண்டும். கட்டில்லாத பப்களுக்குத் தள்ளுபடி கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 1993-இல் தொழிலைக் கைவிட்டார். பீர் பாக்கி 15,266 பவுண்ட் கொடு என்று ப்ரூவரி வழக்குப் போட்டது.

அவர் திருப்பி வழக்காடினார். இந்தக் கட்டே ஐரோப்பியப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம், அதனால் எனக்கு வந்த நஷ்டத்தைக் கொடு என்றார். சட்டவிரோதமான ஒப்பந்தத்தில் நீயும் கையெழுத்துப் போட்டவன்தானே, உனக்கு எப்படி நஷ்டஈடு என்று ஆங்கிலச் சட்டம் குறுக்கே நின்றது. 2001 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் தடையை உடைத்தது. ஒப்பந்தத்தில் இருப்பவரும் நஷ்டஈடு கேட்கலாம், ஒப்பந்தம் போடும்போது இரு தரப்புக்கும் பேரம் பேசும் பலம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும் என்றது. ஐரோப்பியப் போட்டிச் சட்டத்தில் நஷ்டஈடு பற்றிய முக்கியமான தீர்ப்புகளில் இது ஒன்று.

ஆனால் அவர் கைக்கு என்ன வந்தது? 2003-இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2004-இல் மேல்முறையீட்டில் 131,336 பவுண்ட் தரச் சொன்னார்கள். 2006 ஜூலையில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதையும் ரத்து செய்தது. 15,266 பவுண்ட் பாக்கிக்காக 1993-இல் ஆரம்பித்த வழக்கு 13 வருடம் ஓடி, சட்ட உலகுக்கு ஒரு பெரிய கொள்கையைக் கொடுத்தது, வழக்காடியவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பப் நடத்தும் ஒருவர் நீதிமன்றத்தில் கம்பெனியை எதிர்கொள்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. இந்த வழக்கைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கொள்கையைவிட அந்த மனிதர்தான் நினைவில் நிற்கிறார்.

ஒரு வாக்கெடுப்பு

2004-லிருந்து நாடாளுமன்றக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்த விஷயத்தை விசாரித்தன. ஒவ்வொரு அறிக்கைக்குப் பிறகும் தொழில்துறை "நாங்களே சரிசெய்துகொள்கிறோம்" என்றது. வாடகை மறுநிர்ணயத்துக்கு ஒரு தன்னார்வத் திட்டம் வந்தது, அப்புறம் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் இன்னொன்று. இவற்றால் சிலருக்கு உதவி கிடைத்தது உண்மை. ஆனால் ஈர வாடகை என்ற அடிப்படைக் கேள்வியை அவை தொடவில்லை.

2014 நவம்பர் 18-ஆம் தேதி லீட்ஸ் வடமேற்குத் தொகுதி உறுப்பினர் கிரெக் மல்ஹாலண்ட் கொண்டுவந்த திருத்தம் ஒன்று மக்கள் சபையில் வாக்குக்கு வந்தது. கட்டுள்ள குத்தகைக்காரர் சில தருணங்களில் "கட்டு வேண்டாம், சந்தை வாடகை மட்டும் கட்டுகிறேன்" என்று கேட்கும் உரிமையை அது கொடுத்தது. அரசு எதிர்த்தது. 284-க்கு 269 என்று அரசு தோற்றது. மல்ஹாலண்டே ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர்.

அது 2015 மார்ச்சில் சிறுதொழில், நிறுவனங்கள், வேலைவாய்ப்புச் சட்டத்தின் நான்காம் பகுதியாகச் சட்டமானது. பப்ஸ் கோட் எனப்படும் பப் நெறிமுறை 2016 ஜூலை 21-இல் அமலுக்கு வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 500 அல்லது அதற்கு மேல் கட்டுள்ள பப்கள் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு அது பொருந்தும். தொடக்கத்தில் அப்படி ஆறு கம்பெனிகள்: அட்மிரல், என்டர்பிரைஸ், கிரீன் கிங், மார்ஸ்டன்ஸ், பஞ்ச், ஹெய்னிகனின் ஸ்டார் பப்ஸ் அண்ட் பார்ஸ். சட்டத்தின் ஆணிவேர் இரண்டு கொள்கைகள். ஒன்று, கம்பெனி குத்தகைக்காரரிடம் நேர்மையாகவும் சட்டப்படியும் நடக்க வேண்டும். இரண்டு, கட்டு இல்லாதவரைவிடக் கட்டு உள்ளவர் மோசமான நிலையில் இருக்கக் கூடாது.

தராசைச் சாய்த்து வைத்த நடுவர் முறை

நான் இந்த ஏற்பாட்டை விரும்பிப் படிக்கக் காரணம் இந்தப் பகுதிதான்.

வழக்கமாக நடுவர் தீர்ப்பு என்றால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு போவது. ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருக்கும், நடக்கும்போது செலவை இருவரும் பகிர்வார்கள், முடிவில் தோற்றவர் வென்றவர் செலவைக் கட்டுவார், நடந்தது வெளியே தெரியாது. சம பலம் உள்ள இரண்டு கம்பெனிகளுக்கு இது பொருத்தம். ஒரு பக்கம் ஆயிரம் பப் வைத்திருக்கும் கம்பெனி, மறுபக்கம் ஒரே பப்பின் மாடியில் குடியிருக்கும் குடும்பம் என்றால் இதே விதிகள் பலவானுக்கே வசதியாகிவிடும்.

இங்கே சட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். நடுவரிடம் போக ஒப்பந்தத்தில் ஷரத்து தேவையில்லை, சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. குத்தகைக்காரர் கட்ட வேண்டிய கட்டணம் 200 பவுண்ட். நடுவரின் சம்பளமும் செலவும் கம்பெனி தலையில், வெற்றி தோல்வி எதுவானாலும். வேண்டுமென்றே தொந்தரவு கொடுக்கப் போட்ட மனு என்றோ, அநியாயமாகச் செலவை ஏற்றிவிட்டார் என்றோ நிரூபணமானால் மட்டும் குத்தகைக்காரர் மேல் செலவு விழலாம். அதற்கும் உச்சவரம்பு 2,000 பவுண்ட். உரிமையைக் கேட்டதற்காகக் கம்பெனி அவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் ஒரு விதி. குழாய் மீட்டர் கணக்கை மட்டும் வைத்து அவர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி. நிலவறைக்குள் இறங்கிப் பார்த்த யாரோதான் இந்தக் கடைசி விதியை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மேற்பார்வைக்கு ஓர் அலுவலகம், பர்மிங்ஹாமில். அதன் தலைவர் பப் நெறிமுறை அதிகாரி. தகராறு வந்தால் அவரே நடுவராக இருப்பார், அல்லது வேறொருவரை நியமிப்பார். அவருக்கு இன்னொரு தொப்பியும் உண்டு: ஒழுங்குமுறை அதிகாரி. நெறிமுறை மீறல் பற்றி விசாரணை நடத்தலாம், கம்பெனிக் குழுமத்தின் ஆண்டு விற்றுமுதலில் 1 சதவீதம் வரை அபராதம் போடலாம்.

கட்டிலிருந்து வெளியேறும் வழி

பெரும்பாலான தகராறுகள் எம்.ஆர்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லும் "சந்தை வாடகை மட்டும்" உரிமையைச் சுற்றித்தான் வந்தன. அதைக் கேட்க நான்கு தருணங்கள்: வாடகை மறுநிர்ணயம், குத்தகை புதுப்பித்தல், பீர் விலை கணிசமாக ஏறுவது, அந்தப் பப்பின் வியாபாரத்தைப் பாதிக்கும் எதிர்பாராத சம்பவம்.

தருணம் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் குத்தகைக்காரர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கம்பெனி 28 நாளில் கட்டில்லாத குத்தகையின் வரைவோடு பதில் தர வேண்டும். வாடகைத் தொகையில் உடன்பாடு வரவில்லை என்றால் சுயேச்சையான மதிப்பீட்டாளர் ஒருவர் முடிவு செய்வார். வரைவே நெறிமுறைப்படி இல்லை என்றால் நடுவரிடம் போகலாம். தொடக்கத்தில் அதற்கு 14 நாள்தான் அவகாசம்.

இந்த 14 நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரவு பதினொன்றுக்குப் பாரை மூடி, கண்ணாடிகளைக் கழுவி வைத்து, மாடிக்கு வந்து, சட்டமொழியில் எழுதிய நீண்ட வரைவைப் பிரிக்க வேண்டும். எந்த ஷரத்து நியாயமானது, எது இல்லை என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். வக்கீல் வைத்தால் அந்தப் பணம் முதலில் தன் கையிலிருந்து போக வேண்டும். கம்பெனியில் இதே வேலையாக இருக்கும் ஆட்கள், சர்வேயர்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நூறாவது வரைவு, இவருக்கு முதலாவது.

வரைவில் "நியாயமற்ற ஷரத்து எதுவும் இருக்கக் கூடாது" என்பதுதான் சட்டத்தின் வாசகம். கட்டில்லாத குத்தகைகளில் வழக்கத்தில் இல்லாத ஷரத்துகள் நியாயமற்றவை என்று விதிகள் சொல்கின்றன. முதல் சில வருடங்களில் சண்டையெல்லாம் இந்த ஒரு வரிக்குள் நடந்தது.

முக்கியமான சண்டை ஒன்று: இப்போதுள்ள குத்தகைப் பத்திரத்தில் ஒரு திருத்தம் போட்டு கட்டை மட்டும் நீக்கினால் போதாதா, புதுப் பத்திரமே எழுத வேண்டுமா? கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். புதுப் பத்திரம் என்றால் வாடகையை வாரா வாரம் கட்டுவதற்குப் பதில் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே கட்டச் சொல்லலாம். முன்பணம் கேட்கலாம். பழைய பத்திரம் முடிகிறதே, பழுதுபார்ப்பு பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போ என்று சொல்லலாம். ஆண்டு வாடகை 40,000 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாத வாடகை 10,000, முன்பணம் இன்னொரு 10,000 என்று முதல் நாளே 20,000 பவுண்ட் எடுத்து வைக்க வேண்டும். உரிமை காகிதத்தில் இருக்கும், வாசலில் பணமூட்டை நிற்கும். நடுவர் தீர்ப்புகள் பல இந்த இடத்தில்தான் கைகொடுத்தன. ஏன் புதுப் பத்திரம், ஏன் இந்த முன்பணம் என்று கம்பெனி ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்ட வேண்டிய நிலை வந்தது.

நடுவர் யார் பக்கம்?

நடுவர் முறையில் எல்லாவற்றுக்கும் மேல் நம்பிக்கை. 2016 மார்ச்சில் முதல் அதிகாரியாக பால் நியூபி நியமிக்கப்பட்டார். அவர் சொத்து மதிப்பீட்டாளர், ஃப்ளூரெட்ஸ் என்ற நிறுவனத்திலிருந்து வந்தவர். அந்த நிறுவனத்துக்குப் பெரிய பப் கம்பெனிகளும் வாடிக்கையாளர்கள். குத்தகைக்காரர் அமைப்புகள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தன, நாடாளுமன்றக் குழுவும் நியமனத்தை மறுபரிசீலிக்கச் சொன்னது, அரசு பின்வாங்கவில்லை. அவர் தனிப்பட்ட முறையில் தவறாக நடந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. பப் வாடகை தெரிந்தவர்கள் சின்ன வட்டம், அந்த வட்டத்தில் யாரை எடுத்தாலும் ஏதாவது ஒரு பக்கத்தோடு வேலை பார்த்திருப்பார். ஆனால் ஒரு தரப்பு முதல் நாளிலேயே "இவர் அவர்கள் ஆள்" என்று நினைத்துவிட்டால், பிறகு வரும் நியாயமான தீர்ப்பிலும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். முதல் ஆண்டுகளில் மனுக்கள் குவிந்து தாமதமும் சேர்ந்தபோது அந்தச் சந்தேகம் வளர்ந்தது.

2017 நவம்பரில் ஃபியோனா டிக்கி துணை அதிகாரியாக வந்தார், 2020 மேயில் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இதற்கிடையே ஒரு முக்கியமான மாற்றம் தொடங்கியிருந்தது. நடுவர் தீர்ப்புகளை வெளியிட ஆரம்பித்தார்கள். அதுவரை ஒரு குத்தகைக்காரர் வென்றது அடுத்த ஊர்க் குத்தகைக்காரருக்குத் தெரியாது. கம்பெனிக்கு மட்டும் தன் பப்கள் பற்றிய எல்லாத் தீர்ப்பும் தெரியும், ஏனென்றால் அந்த எல்லா வழக்கிலும் ஒரு பக்கம் அதுதான். ரகசியம் இரு தரப்புக்கும் பொது என்பார்கள். இங்கே அது ஒரு தரப்புக்கு மட்டுமே கைகொடுத்தது.

ஸ்டார் விவகாரம்

இப்போது இந்த ஆய்வின் மையத்துக்கு வருவோம்.

சட்டத்தில் ப்ரூவரி சார்ந்த கம்பெனிகளுக்கு ஒரு சலுகை உண்டு. கட்டு நீங்கிய பிறகும், "எங்கள் பீரும் உன் பாரில் இருக்க வேண்டும்" என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பீரை யாரிடம் வாங்குவது என்பது குத்தகைக்காரர் விருப்பம், மற்றவர்கள் தயாரிக்கும் பீரை விற்க விடாமல் தடுக்கவும் கூடாது. சரக்கு வைப்பு நிபந்தனை என்று இதைச் சொல்லலாம்.

ஹெய்னிகனின் ஸ்டார், கட்டை விட்டு வெளியேற விரும்பியவர்களுக்குக் கொடுத்த வரைவுகளில் இந்தச் சலுகையை அளவுக்கு மீறி நீட்டியது. மிக மோசமான வரைவுகளில், பாரில் விற்கும் கெக் பீர் (உலோகப் பீப்பாயிலிருந்து வாயு அழுத்தத்தில் வருவது) நூற்றுக்கு நூறும் ஹெய்னிகன் பிராண்டாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கட்டிலிருந்து வெளியே வா, ஆனால் எங்கள் பீரை மட்டுமே விற்க வேண்டும் என்றால் அது என்ன விடுதலை? ஒருவர் இந்த ஷரத்தை ஏற்றால், சந்தை வாடகையையும் கட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் கேட்கும் வேறு பீரையும் வைக்க முடியாமல் நிற்பார். ஏற்காவிட்டால் பழைய கட்டிலேயே கிடப்பார்.

தனித்தனியாக நடுவரிடம் போனவர்கள் இருந்தார்கள். தீர்ப்புகள் வந்தன. வழிகாட்டுதல்கள் வந்தன. அதிகாரியின் அலுவலகம் கம்பெனியிடம் நேரடியாகவும் பேசியது. ஆனால் ஒரு பப்புக்கு வந்த தீர்ப்பிலிருந்து அடுத்த பப்புக்கான வரைவைத் திருத்தும் பழக்கம் வரவில்லை. நடுவர் தீர்ப்பு அந்த இருவரை மட்டும்தான் கட்டும். சட்டப்படி அது சரி. ஆனால் ஒரே ஷரத்தை நிறையப் பேருக்கு அனுப்பும் கம்பெனிக்கு, சண்டை போட்டு ஜெயித்த ஓரிருவருக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு மற்றவர்களிடம் அதே வரைவைத் தொடர்வது சாத்தியமாக இருந்தது. பலர் 14 நாள் கெடுவிலும் வக்கீல் செலவிலும் களைத்துப்போய்ப் பின்வாங்கத்தானே செய்வார்கள்.

2019 ஜூலையில் அதிகாரியின் அலுவலகம் தன் இரண்டாவது தொப்பியைப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கியது. நெறிமுறை வந்த 2016 முதல் நடந்ததை ஆராய்ந்தது. 2020 அக்டோபரில் அறிக்கை வெளியானது. 12 மீறல்கள். அபராதம் 20 லட்சம் பவுண்ட். இந்த முறையில் போட்ட முதல் அபராதம் இதுதான். சட்டப்படியான வழிகாட்டுதலையும், அலுவலகத்தின் தொடர்ச்சியான தலையீடுகளையும், நடுவர் தீர்ப்புகளிலிருந்து கற்க வேண்டிய பாடங்களையும் கம்பெனி கண்டுகொள்ளவில்லை என்பது அறிக்கையின் சாரம். இந்த மூன்றாவது குற்றச்சாட்டுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றவர் வழக்கில் வந்த தீர்ப்பைக் கவனிக்காமல் இருந்ததையும் ஒரு தவறாக அந்த அறிக்கை பார்த்தது. ஒருவர் 200 பவுண்ட் கட்டி வாங்கிய தீர்ப்பு, அந்தக் கணத்தில் அவருடைய பப்பின் சுவரைத் தாண்டி வெளியே வந்தது.

தனி வழக்கை நடுவர் தீர்க்கட்டும், திரும்பத் திரும்ப நடக்கும் பழக்கத்தை ஒழுங்குமுறை அதிகாரி பிடிக்கட்டும் என்ற இரட்டை ஏற்பாடு இங்கே உண்மையில் வேலை செய்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நடந்திருக்காது. தீர்ப்புகள் இல்லாவிட்டால் விசாரணைக்குக் கையில் ஆதாரம் சேர்ந்திருக்காது. விசாரணை இல்லாவிட்டால் தீர்ப்புகள் தனித்தனித் தாள்களாகவே இருந்திருக்கும். ஆனால் நெறிமுறை வந்ததிலிருந்து அபராதம் வரை நான்கு வருடத்துக்கு மேல் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பப் குடும்பத்துக்கு நான்கு வருடம் நீண்ட காலம்.

அதற்குப் பிறகு

2022 ஏப்ரல் 1-இல் விதிகள் திருத்தப்பட்டன. 14 நாள் அவசரம் போய், இரு தரப்பும் உட்கார்ந்து பேச மூன்று மாத அவகாசம் வந்தது. முன்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே கெடு முடிந்துவிடுமோ என்ற பயத்தில் நடுவரிடம் ஓட வேண்டியிருந்தது. அப்படி ஓடிப்போன வழக்குகளில் பல, பேசினாலே தீர்ந்திருக்கக் கூடியவை. அதிகாரியின் அலுவலகமும் தானே நடுவராக உட்காருவதைவிட வெளியிலிருந்து நடுவர்களை நியமிக்கும் வழக்கத்துக்கு மாறியது. இரண்டு தொப்பியையும் ஒரே தலையில் வைப்பதிலிருந்த சங்கடம் இதனால் குறைந்தது. ஸ்காட்லாந்து தன் சொந்தச் சட்டத்தை 2021-இல் நிறைவேற்றியது. கம்பெனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனதும் நடந்தது.

ஓட்டைகளும் உண்டு. சட்டக் கேள்வி இருந்தால் நடுவர் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். அங்கே 200 பவுண்ட் உலகம் முடிந்துவிடும், நீதிமன்றச் செலவு விதிகள் ஆரம்பித்துவிடும். மேல்முறையீடு வரும் என்ற எண்ணமே ஜெயித்தவரைக்கூட சமரசத்துக்குத் தள்ளும். 500 பப்புக்குக் குறைவாக வைத்திருக்கும் கம்பெனியின் குத்தகைக்காரருக்கு இந்தச் சட்டமே இல்லை. அதே கட்டு, அதே நிலவறை, ஆனால் கட்டடக்காரர் 499 பப் வைத்திருந்தால் அவர் 1993-இல் ஸ்டெயின்ஸ்காரர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இந்த எண்ணிக்கை வரம்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சட்டத்தின் பலன் எத்தனை பேர் கட்டிலிருந்து வெளியேறினார்கள் என்பதில் மட்டும் இல்லை. எம்.ஆர்.ஓ. நோட்டீஸ் அனுப்பிவிட்டு, கடைசியில் கட்டிலேயே இருந்துகொண்டு நல்ல விலைக்கும் குறைந்த வாடகைக்கும் பேசி முடித்தவர்களும் இருக்கிறார்கள். வெளியே போகும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே உள்ளே பேச்சின் தொனி மாறும்.

20 லட்சம் பவுண்ட் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. அந்த வரைவைப் படித்துவிட்டுப் பின்வாங்கியவர்களுக்கு அதில் ஒரு பவுண்டும் கிடையாது. அவர்களில் ஒருவர் மறுபடி முயல வேண்டுமானால் அடுத்த வாடகை மறுநிர்ணயம் வரை, சில சமயம் ஐந்து வருடம், காத்திருக்க வேண்டும். புது வாடகையைச் சொல்லும் கடிதம் வந்த நாளிலிருந்து 21 நாளை எண்ண ஆரம்பிக்க வேண்டும்.